டோல் மேளமும் தொப்பையும்

கம்பெனி வண்டியில் முன்சீட்டில் கோயம்புத்தூர் செந்தில். பின்சீட்டில் மதுரை ரேவதி. ஓட்டியது நான். எனக்குத் தமிழ் தெரியுமா என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஹிஞ்சேவாடி ரோட்டில் வண்டிகள் நகரவில்லை.

"இந்தத் தொப்பை கரைஞ்சா என்னைப் பின்னால தள்ளிருவாங்க போலருக்குங்க" என்றார் செந்தில்.

"யாரு?"

"கணபதி ஊர்வலத்துக்கு டோல் மேளம் அடிக்கிற எங்க குழுவுலதானுங்க. சாயங்காலமானா பிராக்டிஸ். மேளத்தை இடுப்புல கட்டிட்டுக் குதிக்கோணும். என் தொப்பை மேல மேளம் ஆடாம உக்காருதுன்னு தலைவர் முதல் வரிசை குடுத்திருக்கார்."

"ஜிம் என்னாச்சு?"

"போரடிச்சு நின்னுட்டனுங்க. நீச்சல்ல குளிரு. யோகால தூங்கிட்டேன். இதுலதான் நேரம் போறதே தெரியல. ஆனா சுகர் இருக்குதுன்னு வீட்டுக்காரி கெடு வெச்சுட்டா. இன்னைக்குத் தொண்ணூறு கிலோவைத் தாண்டியிருந்தா மேளத்தை விட்டுட்டுத் திரும்ப ஜிம்முக்குப் போகோணும்."

"குறைஞ்சா முதல் வரிசை போயிரும். கூடுனா மேளமே போயிரும். நல்லா மாட்டுனீங்க."

பிளாட்பாரத்தில் ஒருவர் எடை மெஷினோடு உட்கார்ந்திருந்தார். செந்தில் என்னிடம் இந்தியில், "பையா, ஏக் மினிட்" என்று சொல்லி இறங்கினார். ஷூவைக் கழற்றினார். பெல்ட்டையும் கழற்றினார். மெஷின் மேல் ஏறிக் குனிந்து பார்த்தார். தொப்பை மறைத்தது. எடைக்காரர்தான் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

செந்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார். பெல்ட் கையில் இருந்தது.

"எவ்வளவு?" என்றார் ரேவதி.

"தொண்ணூறு."