ஃபேன் நின்ற வீடு

"வீடு குளிர்ந்ததில இருந்து எனக்கு நித்திரை இல்லை."

ஓர்ஸ் ஹில் பேக்கரி வாசலில், மாலைப் பாணுக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வயதான பெண், பக்கத்தில் நின்ற இளையவளிடம் சொன்னார்.

"ஏன் அக்கா?"

"மகன் வெளிநாடு போக முதல் கூரைத் தகரத்துக்குக் கீழ வெள்ளித்தாள் விரிச்சு, சீலிங் அடிச்சுத் தந்தவன். இப்ப வெக்கை இறங்குதில்லை. ஃபேன் தேவையில்லை. முதல் மாசம் கரண்ட் பில்லும் பாதியாக் குறைஞ்சுது."

"நல்லதுதானே?"

"ஓம். ஆனா ஃபேனும் நிண்டா வீட்டில ஒரு சத்தமும் இல்லை. அதால ஃபேனைப் போட்டுட்டு, போர்த்திக்கொண்டு படுக்கிறனான்."

இளையவள் சிரிக்கவில்லை.

"நாளைக்கு எங்கட வீட்ட வந்து படுங்கோ அக்கா. வெறும் தகரம், வெக்கைதான். பிள்ளையளும் கத்திக்கொண்டே இருக்குங்கள்."

"இண்டைக்கு வந்தா என்ன?" என்று கேட்டார் அவர்.