லீவு நாளில் குறைந்த பிரஷர்

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஏதோ மருந்து ஆய்வுக்குக் கணினியில் தரவு பதிவு செய்பவர்கள். கண்ணாடி போட்டவள் தணிந்த குரலில் தொடங்கினாள்.

"நான் லீவிலை நிண்ட அண்டைக்கு, என்ரை பேரிலை உள்ளிட்டு, ஆரோ ஒரு நோயாளியின்ரை பிரஷர் எண்ணைக் குறைச்சு மாத்தியிருக்கினம்."

"ஆரெண்டு தெரியுமே?"

"என்ரை பாஸ்வேர்ட் உனக்கு மட்டும்தான் தெரியும். மாத்தினது உன்ரை அம்மாவின்ரை பிரஷர்."

மற்றவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"பிரஷர் கூடக் காட்டினால் அவவை ஆய்விலையிருந்து நிப்பாட்டிப் போடுவினம். பிறகு அந்த மருந்து கிடையாது."

"மாத்தின தடயம் கொம்பியூட்டரிலை அழியாது. இண்டைக்கு நீயே டொக்டரிட்டைச் சொல்லு, இல்லாட்டி நான் சொல்லுவன். இப்ப அம்மாவுக்கு எவ்வளவு பிரஷர்?"

"தெரியாதடி. அளந்து பாக்கப் பயமாக் கிடக்கு."