கார்வர் வீட்டைச் சுற்றிக் கிளை அடுக்கியது பற்றிக் காவல்துறையில் தந்த வாக்குமூலம்

பெயர் வெர்னா ஆலி. வயது 61. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். முகவரி: ஸ்டோனி கோவ் சாலை, டன்னிங் துறை, மேய்ன் மாநிலம்.

மேற்கண்ட முகவரியில் பிறந்தது முதல் வசிக்கிறேன். அடுத்த வீடு காலமான ஹாலிஸ் கார்வருடையது. அவர் வீட்டை மகள் ரோவீனாவுக்கு எழுதிவைத்துவிட்டு, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஃபுளோரிடாவில் இருக்கும் மகன் டுவேனிடம் விட்டார். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் செய்த ஒரே பைத்தியக்காரத்தனம் அதுதான்.

அடக்கம் முடிந்ததும் டுவேன் வீட்டைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார். அதன் பிறகு வீட்டை ரோவீனா பேருக்கு மாற்ற நீதிமன்றத்தில் ஒரு மனுவும் போடவில்லை. செலவு மிச்சம் என்று வீட்டைச் சூடாக்கும் உலைக்கு எண்ணெய் ஊற்றுவதையும் நிறுத்தினார். தண்ணீரை மட்டும் அடைக்கவில்லை. உலை அணைந்து, குழாயில் தண்ணீர் நிற்கும் வீட்டில் எங்கள் ஊர்க் குளிருக்கு அது உறைந்து குழாய் வெடிக்கும், பிறகு தரையும் சுவரும் ஊறிப்போகும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நவம்பரில் ரோவீனா என் சமையலறையிலிருந்து அவருக்குத் தொலைபேசினாள். இருவர் பேசியதையும் கேட்டேன்.

"அண்ணே, எண்ணெயாவது ஊத்தச் சொல்லு. இல்லன்னா சாவிய அனுப்பு, தண்ணிய அடைச்சிடறேன்."

"கோர்ட்டு சொல்ற வரைக்கும் நான்தான் பொறுப்பு. நீ கை வைக்காத. வசந்தத்துல வந்து பாத்துக்கறேன்."

"வசந்தத்துல வந்து எதப் பாப்ப, நீச்சல்குளத்தயா?"

அவர் இணைப்பைத் துண்டித்தார்.

அதன் பிறகு கடுங்குளிர் வருவதாக வானொலியில் சொன்ன வாரம், சனிக்கிழமை காலை, சாலையில் போகிறவர்கள் பார்க்கவே ரோவீனா பின்கதவுக் கண்ணாடியில் ஒரு சதுரத்தை உடைத்து உள்ளே போனாள். நானும் உடன் போனேன். உடைக்கும் முன்பே அதே அளவில் புதுக் கண்ணாடி வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். நிலவறையில் தண்ணீரை அடைத்து, எல்லாக் குழாய்களையும் திறந்து வடித்துவிட்டு, பிறகு அந்தப் புதுக் கண்ணாடியைப் பொருத்தி, விளிம்பை மக்கு பூசி ஒட்டினாள். அப்படிப்பட்ட திருடியை நான் பார்த்ததில்லை.

நிலவறைக் கதவருகே ஹாலிஸின் கம்பளிச் சட்டை தொங்கியது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். போட்டுக்கொண்டு போகச் சொன்னேன்.

"வேணாங்க்கா. சாமானெல்லாம் இன்னும் அவன் பொறுப்பு. வீடுதான் அப்பா எனக்குக் குடுத்தது."

மறுபடி அதே ஆணியில் மாட்டினாள். என்னால் அது முடிந்திருக்காது.

சாமான் ஏற்றிப் போனதாக டுவேன் கொடுத்த புகாரில் சொல்லப்படும் வண்டி என்னுடையது. அதில் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை. என் காட்டில் வெட்டிய ஊசியிலை மரக்கிளைகள்தான் உள்ளே வந்தன. அடித்தளத்தைச் சுற்றி அவற்றை நெருக்கி அடுக்கினோம். காற்று தரைக்கடியில் புகாமலிருக்க இங்கே எல்லோரும் செய்வதுதான். வடக்குப் பக்கத்தை ரோவீனா இரண்டு முறை பிரித்து அடுக்கினாள். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

அதன் பிறகு குளிர் வந்தது. வளைவிலிருக்கும் கோடைக்கால வீட்டில் குழாய் வெடித்துக் கூடமெல்லாம் பனிக்கட்டியானது. கார்வர் வீட்டில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. கடந்த வாரம் டுவேன் துணை ஷெரிப்புடன் வந்து, கிளைகளைக் காலால் எத்தி, "என்ன இது, குப்பைய எல்லாம் கொண்டாந்து கொட்டிருக்கா?" என்றார். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் கேட்டது அது.

டுவேனைப் பொறுப்பிலிருந்து நீக்கக் கோரி ரோவீனா போட்ட மனு வசந்தத்தில்தான் விசாரணைக்கு வருகிறது. அதுவரை அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருப்பதை அறிவேன். கூரைக்கு அது தெரியாது. அடுத்த பெரும் பனி விழுந்ததும் பாரத்தில் கூரை இறங்காமலிருக்க ரோவீனா மேலே ஏறிப் பனியைத் தள்ளுவாள், நான் ஏணியைப் பிடிப்பேன். பிறகு ஆளனுப்பி விசாரிக்கும் சிரமம் வேண்டாம் என்பதால் இதையும் இப்போதே பதியச் சொல்கிறேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) வெர்னா ஆலி