பூஜைக்கு அப்புறம் மாட்டின கம்ப்யூட்டர்

— ஏம்மா ஆஃப்ஷீன், நான் சொல்றதக் கேளு. முனிலட்சுமி ஸ்டாப் பட்டனை அமுக்கலன்னு எழுதிக் குடுத்துடு. நெட்வொர்க் பாக்கறவ நீ. நீ சொன்னா எடுபடும்.

— அவ அமுக்கினா, சிவராஜ் சார். பிரஸ் மெசின்தான் லேட்டா நின்னுச்சி. அதுக்குள்ள வலது கை போயிடுச்சி.

— இத்தன வருசமா லேட்டாவாதது இப்ப மட்டும் ஏன் ஆவுது?

— இத்தன வருசமா பட்டன் சிக்னல மெசினுக்குக் கொண்டுபோவ அங்க நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி இருந்துச்சி. ஆயுத பூஜையன்னிக்கு அதுக்குச் சந்தனம் வெச்சி, சொம்புத் தண்ணியத் தெளிச்சது யாரு? வேணாம் சார்னு கத்தினேன்.

— எல்லா மெசினுக்கும் தெளிச்சிட்டு அத மட்டும் உட்டா நல்லாருக்குமா? பொட்டி போனா இன்னா, நீதான பழைய கம்ப்யூட்டர அந்த எடத்துல வெச்ச?

— ஆபீஸ் வேலைக்கு மட்டும்னு சொல்லித்தான் வெச்சேன். பிரஸ்ஸையும் அதுல மாட்டினது நீங்க.

— ரெண்டும் ஒரே வேலதானம்மா?

— இல்ல சார். சுவிட்ச் பெட்டி சிப்புக்கு அது ஒண்ணுதான் வேலை. வந்தத அப்பவே தள்ளிவிடும். கம்ப்யூட்டர்ல இருக்கற புரோகிராம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துத்தான் அனுப்பும். கூட்டம் சேந்தா ஜூஜூவாடி செக்போஸ்ட்ல லாரி நிக்கறாப்ல நிக்கும். அன்னிக்கு பெங்களூருல முதலாளி பாக்கணும்னு எல்லாக் கேமராவையும் அந்தக் கம்ப்யூட்டர் வழியாவே போட்டீங்க. அந்தப் படத்துக்குப் பின்னால நின்னுச்சி அவ அமுக்கினது.

— கம்முனு இரு! வெளியில தெரிஞ்சா கம்பெனிய மூடிடுவாங்க. எத்தன பேரு பொழப்பு!

— அவ பொழப்பு? ஆஸ்பத்திரியில என்னப் பாத்ததும், 'நான் அமுக்கினேன்தானக்கா?'ன்னு கேட்டா. எல்லாரும் சொல்லிச் சொல்லி அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சி சார். வயிறு எரியுது எனக்கு.

— எனக்கு மட்டும் எரியலயா? எங்க ஊரு பேரிகைப் பொண்ணும்மா அது. நாந்தான் வேலைக்குக் கூட்டியாந்தேன். ஆனா அமுக்கினதப் பாத்தவங்க யாரு இருக்காங்க, சொல்லு? முதலாளியே கூப்புட்டு, 'அமுக்கலன்னு மொதல்ல நீ எழுதிக் குடு சிவராஜ்'னாரு. குடுத்துட்டேன்.

— குடுத்துட்டீங்களா? ஐயோ சார்... அன்னிக்கு அவரு கேமராவுல பாத்துக்கிட்டேதான் இருந்தாரு. 'அந்தப் பொண்ணு பட்டன அமுக்கியும் மெசின் ஏன் நிக்கல?'ன்னு மொதல்ல எனக்குப் போன் போட்டுக் கேட்டதே அவருதான்.