காலை ஐந்தே முக்கால்

— முதல்ல அந்தப் பேப்பரை ஃபிரிட்ஜ் கதவுலேர்ந்து எடுங்க. எடுத்துட்டு அப்புறம் பேசுங்க.

— முழுசாப் படிச்சியா? கடைசி வரைக்கும் படிச்சுட்டுக் கோபப்படு.

— முதல் வரியே போதும். "காலை 5.45, இருவரும் நடை." இருவருமாம். யாரைக் கேட்டு எழுதினீங்க?

— நான் என்ன சொல்ல வரேன்னா, பஸ் டிப்போவுல இப்படித்தான் செய்வோம். ஒரே ரூட்ல ரெண்டு வண்டி பாதி காலியாப் போச்சுன்னா ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துடுவோம்.

— நான் பஸ்ஸா?

— ஒரு உதாரணத்துக்குச் சொன்னேம்மா.

— முப்பது வருஷம் டைம் கீப்பரா உக்காந்து ஊர் பஸ்ஸுக்கெல்லாம் நேரம் குறிச்சீங்க, சரி. ரிட்டயர் ஆன அன்னைக்கே அந்தப் பேனாவை அங்கயே போட்டுட்டு வந்திருக்கணும். வீட்டுக்கு எடுத்துட்டு வந்து எனக்கு டூட்டி போடறீங்க.

— டாக்டர் நடக்கச் சொன்னாரா இல்லையா?

— சொன்னார். இதயத்துல ஸ்டென்ட் வெச்சு வீட்டுக்கு அனுப்பறப்ப நானும் பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். "எந்த நேரம் வசதியோ அந்த நேரம் நடங்க, நடந்தாப் போதும்"னார். ஆச்சு மூணு மாசம். நடந்தீங்களா? நேரம் பாத்துட்டே இருக்கீங்க. என்னைக் கட்டிக்கறதுக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கல.

— யோசிச்சிருந்தா...

— யோசிச்சிருந்தா? சொல்லுங்க.

— ஒண்ணுமில்ல. விஷயத்துக்கு வா. காலையில நடந்தா கொழுப்பு நல்லாக் கரையுமாம்.

— போன மாசம் சாயங்காலம்தான் நல்லதுன்னீங்க. உடம்பு சூடா இருக்கும், மூட்டு பிடிக்காதுன்னீங்க. அதுக்கு முன்னாடி, மத்தியானம் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழிச்சுன்னீங்க. அந்த ஒன்றரை மணி நேரம் முடியறப்ப குறட்டை விட்டுட்டு இருந்தீங்க.

— போன்ல ஒவ்வொருத்தன் ஒவ்வொண்ணு எழுதறான். எல்லாத்தையும் வெச்சுப் பாத்துத்தான் முடிவு பண்ணேன். கணக்குப்படி அஞ்சே முக்கால்தான்...

— உங்க கணக்குல ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம். எனக்கு எவ்வளவுன்னு தெரியுமா?

— எல்லாருக்கும் இருபத்துநாலுதான்.

— நல்லா இருக்கு நியாயம். எட்டரைக்கு மருந்துக் கடை கவுண்டர்ல நின்னா, ஆறு மணி வரைக்கும் வர்றவங்க அத்தனை பேரும் எங்கிட்ட வியாதி சொல்வாங்க. இது சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா, பாதி போட்டாப் போதுமா, அம்மாவுக்கு வாங்கினதை நான் போடலாமா. அது முடிஞ்சு வீட்டுக்குள்ள கால் வெச்சா நீங்க. கண்ணாடி எங்க, சார்ஜர் எங்க. அப்புறம் உங்க பொண்ணு போன் பண்ணி மாமியார் கதை. நான் வாய் திறக்காம, யாரும் எங்கிட்ட வாய் திறக்காம இருக்கற ஒரே நேரம் காலையில அந்த முக்கால் மணி நேரம்தான். குளத்தைச் சுத்தி மூணு சுத்து. அதுல கை வைக்கறீங்க.

— நடைப்பயிற்சிதானே? இதுக்குப் போயி...

— உங்களுக்குப் பயிற்சி. எனக்கு அப்படி இல்ல. முதல் சுத்துல அன்னைக்குச் செய்யவேண்டிய வேலையெல்லாம் மண்டைக்குள்ள ஓடும். ரெண்டாவதுல, நேத்து யார்கிட்ட என்ன பதில் சொல்லியிருக்கணும்னு ஓடும். மூணாவதுல ஒண்ணும் ஓடாது. அந்த மூணாவது சுத்துக்காகத்தான் போறேன்.

— நான் வந்தா அது நின்னுடுமா?

— நீங்க வந்தா முதல் சுத்துலயே நிப்பீங்க. செருப்புல கல்லு, தெரிஞ்சவர் ஒருத்தர், குளத்தங்கரைப் பெஞ்ச். நடுவுல கடிகாரத்தைப் பாத்து, "போன சுத்தைவிட ரெண்டு நிமிஷம் லேட்டு"ம்பீங்க.

— சொல்ல மாட்டேன்.

— என் தங்கச்சி வீட்டுப் படியேறினதுக்கே நேரம் குறிச்சவர்தானே நீங்க.

— அது லிஃப்ட்டோட ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக.

— சிரிக்க வைக்காதீங்க, நான் கோபமா இருக்கேன். பதினோரு வருஷமாப் போறேன். ஒரு நாள் "நானும் வரட்டுமா"ன்னு கேட்டிருக்கீங்களா? மழையில நனைஞ்சு வந்தப்ப, "இதெல்லாம் தேவையா"ன்னு போர்வைக்குள்ளேர்ந்து ஒரு குரல் வந்துச்சு. இப்பவும் கேக்கல. எழுதி, அடிக்கோடு போட்டு, ஒட்டியே ஆச்சு. நீங்க சாயங்காலம் நடங்க. அஞ்சு மணிக்கு நிழல் இருக்கு, எதிர் வீட்டு வாத்தியார் துணைக்கு இருக்கார். நாள் முழுக்க வீட்லதானே இருக்கீங்க?

— சாயங்காலம் வேண்டாம்.

— ஏன் வேண்டாம்?

— வெயில்.

— அஞ்சு மணிக்கு என்ன வெயில்?

— வேண்டாம்னா விடேன்.

— விட மாட்டேன். என் நேரத்தை எடுத்துக்கறவர் காரணம் சொல்லித்தான் ஆகணும்.

— போன செவ்வாய்க்கிழமை போனேன்.

— எங்க?

— நடக்கத்தான். சாயங்காலம். நீ கடையில இருந்த. போயிட்டு வந்து பெருமையாச் சொல்லலாம்னு சொல்லாமப் போனேன். சாவி போடற கடை வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அங்க திடீர்னு நெஞ்சை இறுக்கிப் பிடிச்ச மாதிரி. ஓரமா உக்காந்துட்டேன்.

— என்ன சொல்றீங்க?

— பதறாத. மறுநாளே டாக்டர்கிட்ட போயிட்டேன். மிஷின் எல்லாம் வெச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டார். ஸ்டென்ட் நல்லா இருக்காம். பயமாம். நிறைய பேருக்கு வருமாம். நடக்க நடக்கப் போயிடுமாம்.

— அஞ்சு நாளா எங்கிட்ட மறைச்சிருக்கீங்க. ஊர்ல இருக்கறவங்க வியாதியெல்லாம் எனக்குத் தெரியும், வீட்ல இருக்கறது தெரியாது. நல்லா இருக்கு.

— எப்படிச் சொல்றது? வயசான ஆம்பள தெருவுல நடக்க பயப்படறேன்னா? அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். ஆளுங்க போயிட்டே இருந்தாங்க. ஒருத்தன் என் காலை இடிச்சுட்டு, "குடிச்சிருக்கான்"னு சொல்லிட்டுப் போனான். டீயைத் தவிர எதுவும் குடிச்சதில்ல நான்.

— எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?

— கையில எடுத்தேன். கடையில கூட்டமா இருக்கும்னு திரும்பப் பையில வெச்சுட்டேன். எழுந்து வீட்டுக்கு வந்து, இந்தப் பேப்பரை எழுத உக்காந்தேன். முதல்ல நீ போற நேரத்தைத்தான் எழுதினேன். கொழுப்பு, அது இதெல்லாம் அப்புறமாத் தேடிச் சேர்த்தது.

— அதை முதல்லயே சொல்லியிருந்தா...

— பாவம் பாத்து வரச் சொல்லியிருப்ப. அதுக்குக் கூச்சப்பட்டுத்தான் கணக்கு மாதிரி எழுதினேன்.

— இப்ப மட்டும் என்னவாம்? பாவமும் பாக்கணும், கோபமும் போகல. உங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நான் எந்த மூணாவது சுத்து சுத்தறது? சொல்லுங்க.

— பக்கத்துல வர மாட்டேன். நீ பாட்டுக்குப் போ. இருபது அடி பின்னாடி, ஒரு வார்த்தை பேசாம வரேன். சுத்துக்கு ஒரே ஒரு தடவை திரும்பி, நான் வந்துட்டு இருக்கேனான்னு மட்டும் பாக்கறியா?