நாய்ப் படம் போட்ட ஆன்டிவைரஸ்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் வாங்கும்போது அவசரப்படக் கூடாது என்பது என் கருத்து. பலர் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நமக்கு என்ன தேவை என்பது முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது.

என் பெயர் பெர்சி. மிஷன் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். ஆனையூரில் வீடு. என் கணவர் யேசுதாஸ் அதே பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சாதுவான மனிதர். பெயர் அப்படி அமைந்துவிட்டதாலோ என்னவோ, பாட வேண்டியது தன் பொறுப்பு என்று அவருக்குள் ஓர் எண்ணம் இருந்தது. வேலையில் இருந்தவரை அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றதும் ஒரு கீபோர்டும் மைக்கும் வாங்கினார். தானே பாட்டு எழுதி, மெட்டமைத்து, பாடி, கம்ப்யூட்டரில் பதிவு செய்யக் கற்றுக்கொண்டார்.

அவர் குரலைக் குறை சொல்ல மாட்டேன். தொடங்கிய இடத்துக்கு அது திரும்பி வருவதில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு யார் வந்தாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிடுவார். கேஸ் கொண்டுவருபவர் சிலிண்டரைக் கேட்டிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். நான்தான் அதை உள்ளே உருட்டிக்கொண்டு வருவேன். அதற்காகக்கூட நான் கோபப்பட்டதில்லை.

எங்கள் மகள் ஆன்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது இரண்டு பாட்டைப் போட்டுக் காட்டினார். மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் கேட்டார். மாப்பிள்ளையின் அப்பா, "இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவர் என்ன அர்த்தத்தில் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. என் கணவருக்கு வேறு அர்த்தத்தில் புரிந்தது.

"ரிசப்ஷன்ல முழுசாப் போட்ருவோம் சம்பந்தி," என்றார்.

அன்றிலிருந்து ஆன்சியின் வாழ்க்கை வரலாற்றை வயதுக்கு ஒரு பாட்டாக எழுதத் தொடங்கினார். முதல் பாட்டில் அவள் பிறந்தாள். அதற்கு அடுத்ததில் பல்லியைப் பிடித்து வாயில் போட்டாள். அம்மை போட்ட வருஷத்துக்குச் சரணம் மேல் சரணமாக வந்துகொண்டே இருந்தது. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் அவள் தவறியதை இழுத்து இழுத்துச் சோகமாகப் பாடியிருந்தார். அது மாப்பிள்ளை வீட்டாருக்கு அதுவரை தெரியாத செய்தி.

ஆன்சி அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, இதையெல்லாம் மைக்ல பாடுனா நான் மேடைய விட்டு எறங்கி ஓடிருவேன். அப்பாட்ட சொல்லுங்க."

"சொன்னா மனசு ஒடஞ்சிருவாருடி," என்றேன். ஒரு மனிதரின் மனத்தை உடைப்பது என்னால் ஆகாத காரியம். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் திரையில் வைரஸ் எச்சரிக்கை வந்தது. ஓசியில் தாளம் கிடைக்கும் இடங்களிலிருந்தெல்லாம் அவர் எடுத்துப் போட்டதன் விளைவு. பயந்துபோய், எங்கள் பகுதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் காசிமாயனை வரச் சொன்னார்.

காசிமாயன் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "பெருசா ஒண்ணுமில்ல டீச்சர். கம்ப்யூட்டரோட சேந்து வர்றதே போதும். இல்லைன்னா நல்லதா ஒண்ணு போட்டுவிடுறேன். எதைச் செஞ்சாலும் நம்மளக் கேட்டுத்தான் செய்யும்."

"கேக்காமச் செய்யிறது இருக்கா?"

அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "இருக்கு. நாய்ப் படம் போட்ருக்கும். ஆனா அது மொரடு டீச்சர். நல்ல ஃபைலயும் வைரஸுன்னு அழிச்சிரும். வாங்குனவுக பூராம் திட்டுறாக."

இன்டர்நெட்டில் அவர்கள் திட்டியவற்றையெல்லாம் நான் பொறுமையாக உட்கார்ந்து படித்தேன். 'என் கல்யாண வீடியோ மொத்தத்தையும் அழித்துவிட்டது, தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுத்தில் உண்மை தெரிந்தது. அந்த இடத்திலேயே வாங்கிவிட்டேன்.

முழுச் சோதனை ஓடியபோது என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தார். நானும் ஜெபித்தேன். இரண்டும் வேறு வேறு ஜெபம். நாய் எல்லாவற்றையும் மோந்து பார்த்தது. என் அரையாண்டு வினாத்தாளை அழித்தது. கரன்ட் பில் ரசீதை அழித்தது. பாட்டுகளை ஒன்றும் செய்யவில்லை.

"பாத்தியா பெர்சி," என்றார் அவர். "அம்புட்டு மொரட்டு நாயி, நம்ம பாட்டுல ஒரு குத்தம் சொல்லல பாரு."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆகவே அதன் வேலையை நானே செய்ய வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் கறி எடுக்கப் போயிருந்தார். ஒரு ஃபோல்டரை ஆபத்தானது என்று நாமே காட்டிக்கொடுக்க அதில் வழி உண்டு. பாட்டு இருந்த ஃபோல்டரைக் காட்டிக்கொடுத்தேன். நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. இது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்காது என்று சொல்லித்தானே வாங்கினேன்.

பென் டிரைவில் இன்னொரு நகல் இருந்தது. அது அவர் சட்டைப் பையில் கிடந்து, சட்டையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. பையில் அது இருந்ததை நான் பார்க்கவில்லை. அதாவது, பையில் போட்ட பிறகு பார்க்கவில்லை.

கறியோடு வந்தவர் கம்ப்யூட்டரைப் போட்டார். தேடினார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஃபோல்டர் இருந்த இடத்தைத் திரையில் விரலால் தடவிப் பார்த்தார்.

"கண்ட எடத்துல தாளம் எடுத்தேன்ல, பாட்டுக்குள்ள வைரஸ் ஏறிருச்சு போல," என்றார். பிறகு, "நல்லவேளை பெர்சி. இது மண்டபத்து ஸ்பீக்கர்ல ஏறி மாப்ள வீட்டாளுகளுக்கும் பரவியிருந்தா நம்ம நெலம என்னாகுறது?" என்றார்.

"ஆமாங்க," என்றேன்.

அன்று அவர் சாப்பிடவில்லை. கறியைச் சுக்காவாக வறுத்துவைத்தேன். மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொண்டார். நான் அக்கறை இல்லாதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ரிசப்ஷனில் போதகர் அவரை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாட்டு வச்சிருந்தேன். அழிஞ்சுபோச்சு. நல்லா இரும்மா," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ஆன்சி மேடையிலேயே அழுதாள். மேக்கப்பெல்லாம் கரைந்து கன்னத்தில் ஓடியது. கல்யாணத்தில் பெண் அழுவது வழக்கம்தான். நான் அதற்கு வேறு காரணம் தேடவில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என் விழிப்பினால் குடும்பம் தப்பித்தது என்று என் கணவர் சபையில் எழுந்து சாட்சி சொன்னார். வீட்டுக்கு வந்து, ஒதுக்கிவைத்திருந்த கீபோர்டைத் துடைத்தார். நன்றியாக என்மேல் ஒரு பாட்டு எழுதினார். 'கண்ணை மூடாக் காவல்காரி, கணக்குச் சொல்லும் கெட்டிக்காரி' என்று தொடங்கும். முதல் தடவை கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது: குரல் நன்றாகத் தேறியிருந்தது. துக்கம் சிலருக்கு அப்படிச் செய்யும்.

மறுநாளே காசிமாயனை வரவழைத்து நாயை எடுக்கச் சொன்னேன். கேட்டுக் கேட்டுச் செய்யும் ஆன்டிவைரஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டோம். பாட்டைப் பென் டிரைவில் ஏற்றி பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்னொரு நகல் பள்ளியில் இருக்கிறது. பக்கத்து வீட்டு சோலையம்மாள் கறிவேப்பிலை கேட்டு வந்தார். உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்ததும் எழுந்து, கறிவேப்பிலையைக்கூட வாங்காமல் போய்விட்டார். அவ்வளவு உருகிவிட்டார்.

ஆன்சிக்கும் போனில் அனுப்பினேன். அப்பா குரல் அப்படியேதான் இருக்கிறது என்கிறாள். அவளுக்குச் சங்கீதம் தெரியாது.