அறுபத்திரண்டு

அந்தச் சுவர்க்கடிகாரத்துக்கு யாராவது ஒரு பேட்டரி போடக் கூடாதா என்று, இந்த ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நொடிமுள் ஒரே இடத்தில் துடிக்கிறது, நகரவில்லை. உங்களுக்கு இது தொந்தரவாக இல்லையா மேடம்?

சரி, சொல்கிறேன்.

என் தங்கைக்கு நெஞ்சு படபடப்பு. டாக்டர் பீட்டா பிளாக்கர் எழுதிக் கொடுத்தார். துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை. நீங்களாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது என்றார். தினமும் மாத்திரைக்கு முன்னால் நாடி பார்க்க வேண்டும். ஐம்பதுக்குக் கீழே இருந்தாலோ, தலை சுற்றினாலோ, கொடுக்காமல் முதலில் அவரைக் கூப்பிட வேண்டும்.

சின்னவளால் தன் நாடியைத் தானே பார்க்க முடியாது. "நான் எண்ண ஆரம்பிச்சா அதுவும் என்னோட சேர்ந்து ஓடுதுக்கா" என்பாள். அதனால் நான் பார்த்தேன். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, ஒரு முழு நிமிடம். அவள் சும்மா இருக்க மாட்டாள். "நாடி பார்க்கறியா, சட்டைக்கு அளவு எடுக்கறியா? கொஞ்சம் லூசா வை."

நான் தையல்காரி. நாள் முழுக்க நாடா வைத்து ஊரார் உடம்பை அளக்கிறவள். எனக்கென்று ஒரு கை என் விரலுக்குள் இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

பிறகு அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. தங்க அறைகூடப் பார்த்துவிட்டாள். கிளம்ப வேண்டிய அன்று காலை துடிப்பு நாற்பத்தெட்டு. எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவுக்கா?"

"அறுபத்திரண்டு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. டாக்டரிடம் போனிலும் அதையே சொன்னேன். அப்படியானால் மாத்திரை தொடரட்டும், தலைசுற்றல் நிற்காவிட்டால் அழைத்து வாருங்கள் என்றார். அவள் பயணத்தைத் தள்ளிப்போட்டாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை.

நான் ஒரு மாத்திரைகூடக் கூட்டிக் கொடுத்தவளில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். சொன்ன அளவை, சொன்ன வேளையில் கொடுத்தேன். நாடி நாற்பத்தாறு ஆயிற்று, நாற்பத்திரண்டு ஆயிற்று. அவளுக்கு என்றும் அறுபத்திரண்டுதான். "அப்போ மாத்திரை ஒழுங்காத்தான் வேலை செய்யுது. நான்தான் சோம்பேறி ஆயிட்டேன்" என்று சிரித்தாள். பெட்டியிலிருந்த அவள் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் திரும்ப வைத்தேன்.

கடைசிக் காலையில், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி. ஒவ்வொரு தடவையும் இனி வராதோ என்று காத்திருந்தேன். முப்பத்தாறு. டாக்டரைக் கூப்பிட்டால் தேறிவிடுவாள். தேறினால் போய்விடுவாள். நான் வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். மாத்திரையும் வெந்நீரும் கொடுத்தேன்.

"இன்னிக்கு எவ்வளவுக்கா?"

சொன்னேன்.

தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது அவள் தரையில் கிடந்தாள்.

நீங்கள் இரக்கமுள்ளவர் மேடம். இவ்வளவு கேட்ட பிறகும் 'எண்ணிக்கையில் தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதி, தாளை என் பக்கம் தள்ளுகிறீர்கள். "பதட்டத்துல யாருக்கும் வர்ற தப்புதாம்மா. ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். அவளை நான் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன் என்று உங்களுக்குப் புரியவில்லை. நான் ஒரு நாளும் தப்பாக எண்ணியதில்லை.